யாருடைய பெயரைப் பாடுகிறோம்?

மணலி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு நெடி. திருவொற்றியூரிலிருந்து மேற்கே செல்லும் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாலும், மணலி வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளும், அவற்றின் உச்சியில் இரவில் எரியும் தீயும், சாலையை அடைத்து நிற்கும் சரக்குப்பெட்டக லாரிகளுமே இன்றைய மணலி. இதே மணலியில் ஒரு காலத்தில் தென்னாட்டின் தலைசிறந்த இசைக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது என்றால் நம் இளைஞர் எளிதில் நம்பமாட்டார்கள்.

ஆனால் அது உண்மை. 18ஆம் நூற்றாண்டுச் சென்னையின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். ஆளுநர் பிகட்டின் துபாஷியாக, அதாவது ஆங்கிலேயருக்கும் நம் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் விளங்கியவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளை ஆதரித்தவரும் அவரே. இந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில்தான், ஹம்சத்வனி இராகத்தை ஆக்கியவர் என்று போற்றப்படும் இராமசாமி தீட்சிதர், திருவாரூரை விட்டுத் தம் குடும்பத்தோடு மணலியில் வந்து குடியேறினார். அவருடைய மக்கள் முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி ஆகிய மூவரும் அங்கேயே இசையில் வளர்ந்தனர்.

முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா என்று அழைக்கப்பட்டவர், அந்தக் குடும்பத்தைப் பேணினார். அவர் இந்த இளைஞர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசிப்பதைக் கேட்கச் செய்தார் என்று இசை வரலாறு கூறுகிறது. அங்கே கேட்ட மெட்டுகளுக்கே முத்துசாமி தீட்சிதர் பின்னாளில் வடமொழியில் சாகித்தியம் செய்தார். அவற்றை நோட்டுஸ்வரங்கள் என்கிறோம். இளையவர் பாலுசாமிக்கு வயலின் கற்றுத்தர ஓர் ஐரோப்பியரையே முதலியார் அமர்த்தினார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை நாம் நினைத்துப் பார்க்க இயலாது. அந்த வயலின் நம் இசைக்குள் நுழைந்த வாசல்களுள் முதன்மையானது இன்றைய புகைபோக்கிகளின் நிழலில் கிடக்கும் மணலிதான்.

இந்த வரலாற்றைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு கட்டுரையை முடித்துவிடலாம். இசை விழாக்களின் மேடைப் பேச்சுகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆயினும் நம் மனத்தை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் செல்வர் வீட்டுக் கூடத்தில் பாட்டு ஒலித்தபோது, கூடத்திற்கு வெளியே நின்றவர் யார்? கூடத்தில் முதல் இடம் யாருக்கு? பாட்டில் ஒலித்த பெயர் யாருடையது?

புரவலரின் கூடத்து இசை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மறுமலர்ச்சிக் கால இத்தாலியிலே ஃபெராரா என்ற சிற்றரசு இருந்தது. அதன் கோமகன் எர்கொலே தெஸ்தே சிறந்த பக்திமான், இசைப் பித்தரும்கூட. 1502இல் தம் பாடகர் குழுவுக்குத் தலைவர் ஒருவரைத் தேடினார். இருவர் பெயர் எதிரே வந்தது. ஒருவர் இசாக், மற்றவர் ஜோஸ்கேன். கோமகனின் ஆள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இசாக் இணக்கமானவர், கேட்டபோதெல்லாம் இயற்றுவார், 120 பொற்காசு போதும் என்கிறார். ஜோஸ்கேன் இன்னும் சிறப்பாக இயற்றுவார், ஆனால் தமக்குத் தோன்றும்போதுதான் இயற்றுவார், 200 பொற்காசு கேட்கிறார் என்பது அக்கடிதத்தின் சாரம். கோமகன் ஜோஸ்கேனையே தேர்ந்தெடுத்தார். அந்த மட்டில் அவரைப் பாராட்டுவோம்.

ஆனால் ஜோஸ்கேன் அந்தக் கோமகனுக்காக இயற்றிய திருப்பலி இசை ஒன்று உண்டு. 'ஃபெராராவின் கோமகன் எர்கொலே' என்பதே அதன் பெயர். கோமகனின் இலத்தீன் பெயரிலும் பட்டத்திலும் உள்ள உயிரெழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுக்கு இணையான சுரங்களாக்கி, அந்தச் சுர வரிசையையே திருப்பலி முழுவதற்கும் அடித்தளமாக வைத்தார். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று மற்றக் குரல்கள் மன்றாடுகின்றன. நடுக்குரலோ கோமகனின் பெயரைச் சுரமாக நீட்டிப் பாடுகிறது. 'தூயவர்' என்று வானதூதரோடு சேர்ந்து பாடும் இடத்திலும் அதே பெயர். 'உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே' என்று இறைஞ்சும் இடத்திலும் அதே பெயர். இசைக் கலையின் அற்புதங்களுள் ஒன்று அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பலிபீடத்தின் முன் யாருடைய பெயர் அடித்தளமாக இருந்தது என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

எர்கொலேயின் கொள்ளுப்பேரன் இரண்டாம் அல்ஃபோன்சோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1580 முதல் அவர் அரண்மனையில் குரல்வளம் மிக்க பெண்கள் மூவர் பாடினர். லுட்சாஸ்கி என்ற இசைமேதை அவர்களுக்கு இசை இயற்றினார். அதற்கு 'மறை இசை' என்றே பெயர். மறைந்து கிடக்கும் இசை. கோமகனும் அவர் தேர்ந்த சில விருந்தினரும் மட்டுமே கேட்கலாம். அந்தப் பாடல்களின் சுரக்குறிப்பு வெளியே போகாதபடி காக்கப்பட்டது. பேரரசர்களும் கர்தினால்களும் பொறாமைப்படும் பொருளாக ஒரு பாட்டை வைத்திருப்பதில் அவருக்குப் பெருமை. 1597இல் வாரிசின்றி அவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஃபெராரா திருத்தந்தையின் ஆட்சிக்குள் வந்தது. 1601இல் லுட்சாஸ்கி அந்தப் பாடல்களை உரோமையில் அச்சிட்டார். அதனால்தான் உலகம் இன்று அவற்றைக் கேட்கிறது. கோமகன் தம் கைக்குள் பொத்தி வைத்தவரை அந்த இசை சிறைப்பறவை. அவர் கை தளர்ந்த பின்னரே அதற்கு வானம்.

இவையெல்லாம் பழங்கதைகள், நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், ஒரு திருவிழா நாள் வரையில்.

இக்கடற்கரைப் பகுதியில் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அங்கே ஒரு பாடகர் குழு இருந்தது. பெரும்பாலும் மீன் விற்கும் பெண்கள். விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்க் கூடை எடுப்பவர்கள். மாலையில் தொண்டை கட்டிய குரலோடு பாடப் பயில வருவார்கள். துறைமுகத்தில் சுமைதூக்கி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார். சுருதி சில வேளை விலகும். தாளம் சில வேளை ஓடும். ஆனால் அவர்கள் தொடங்கினால் கோவில் முழுவதும் சேர்ந்து பாடும்.

அவ்வாண்டுத் திருவிழாவுக்குச் செல்வர் ஒருவர் முன்வந்தார். திருவிழாத் திருப்பலியின் இசைச் செலவு முழுவதும் தம்முடையது என்றார். நகரத்திலிருந்து பாடகர்கள், மின்னிசைக் கருவிகள், பெரிய ஒலிபெருக்கிகள். அவர் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. நாமே விதித்துக்கொண்டோம். முன்வரிசையில் அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மெத்தை நாற்காலிகள் போட்டோம். வாயிலில் புனிதரின் படத்தைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர் நின்றது. நற்கருணை முடிந்ததும் பீடத்திலிருந்தே பொன்னாடை போர்த்தினோம். பாட்டு மிக நன்றாக இருந்தது. ஆனால் அன்று எவரும் உடன் பாடவில்லை. மெட்டுகள் புதியவை; மக்கள் வாய்மூடி நின்றார்கள். நம் பாடகர் குழுப் பெண்கள் கடைசித் தூணுக்கு அருகில் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவும் நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவர்களுள் மூத்தவரிடம், "பாட்டு எப்படி இருந்தது, பாட்டி?" என்று கேட்டோம். பாராட்டை எதிர்பார்த்தே கேட்டோம் என்பதை ஒத்துக்கொள்கிறோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு சாமி. ஆனா பூசைக்கு வந்த மாதிரி இல்ல. யாரோ வூட்டுக் கல்யாணத்துக்கு வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் திருவழிபாட்டியல் படித்த நமக்கு, அந்தப் பாட்டி ஒரே வாக்கியத்தில் பாடம் நடத்திவிட்டார். இறைமக்களின் இல்லத்தை ஒரு செல்வரின் கூடமாக நாம் மாற்றிவிட்டோம். மணலி முதலியார் தம் வீட்டில் தம் செலவில் இசை கேட்டார். அது அவர் வீடு. நாமோ ஆண்டவரின் வீட்டை எடுத்து மற்றொருவருக்குக் கூடமாகக் கொடுத்தோம். எர்கொலேயின் பெயரைச் சுரத்துக்குள் ஒளித்து வைக்கும் கூச்சமாவது ஜோஸ்கேனுக்கு இருந்தது. நாம் ஒலிபெருக்கியிலேயே பெயரை வாசித்தோம்.

இது நம் சொந்தக் கருத்தன்று. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, இறைமக்கள் அனைவரும் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்று கற்பிக்கிறது. அதே ஏட்டின் 32ஆம் பகுதி, திருவழிபாட்டுப் பணிக்கும் திருநிலைக்கும் உரிய வேறுபாடுகளும், சட்டப்படி ஆட்சியாளருக்குத் தரும் மரியாதையும் தவிர, தனி மனிதருக்கோ வகுப்பினருக்கோ திருவழிபாட்டில் சிறப்பு மரியாதை எதுவும் கூடாது என்கிறது. புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் கந்தை அணிந்த ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறார். இவற்றையெல்லாம் குருத்துவப் பயிற்சியில் மனப்பாடம் செய்த நாம்தான், மெத்தை நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னோம்.

இங்கே சிலர் ஒரு மறுப்பு எழுப்புவார்கள். "புரவலர் இல்லாமல் கலை வளருமா? முதலியார் இல்லாவிட்டால் வயலின் ஏது? எர்கொலே இல்லாவிட்டால் ஜோஸ்கேனுக்குச் சோறு ஏது? பங்கில் காசு இல்லை. கொடுப்பவரைக் கடிந்துகொண்டால் எப்படி?" நியாயமான கேள்விதான். கலைஞருக்கும் வயிறு உண்டு. கொடை புண்ணியமே. நம் ஆண்டவரும் அவருடைய சீடர்களும் பிறர் பொருளால் உதவி பெற்றவர்களே; யோவன்னா, சூசன்னா முதலிய பெண்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்று லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கொடுத்தார்கள், கூடவே நடந்தார்கள். முன்வரிசை கேட்டதாக நற்செய்தியில் இல்லை.

ஆகவே நாம் சாடுவது கொடையை அன்று. கொடைக்கு நாம் கட்டும் விலையை. பாட்டுக்குப் பணம் கொடுப்பது வேறு. பாட்டையே விலைக்கு வாங்குவது வேறு. இவ்வேறுபாட்டை நம் மண்ணின் இசைவாணர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். முத்துசாமி தீட்சிதரின் வறுமையைக் கண்டு, தஞ்சை மன்னரைப் பாடிப் பொருள் பெறலாமே என்று பிறர் சொன்னபோது, அவர் மனிதரைப் பாட மறுத்துத் திருமகளையே பாடினார் என்பது வழிவழிச் செய்தி. தியாகராசர் முதுமையில் சென்னைக்கு வந்தபோது பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியாரின் இல்லத்தில் தங்கினார். முதலியார் தம்மீது ஒரு பாடலை விரும்பினார் என்றும், தியாகராசரோ கோவூர்க் கோயிலில் உறையும் சுந்தரேசரைப் பாடினார் என்றும் சொல்வர். அப்பாடல்களே கோவூர்ப் பஞ்சரத்தினம். சீடர் வீணை குப்பையரின் ஊராகிய திருவொற்றியூரிலும் அவர் அம்மனைத்தான் பாடினார். சமயம் எதுவாயினும், புரவலரின் சோற்றை உண்டும் புரவலரின் பெயரைப் பாடாத நா அது. கிறிஸ்துவின் பெயரால் கூடும் நமக்கு அந்த நா இல்லையே என்பதுதான் நம் வெட்கம்.

இதில் பாட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர் பல நாள் தொழிலுக்குப் போக முடியவில்லை. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூருக்கு அருகே பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இத்தகைய நிலத்தில் இருக்கும் ஒரு கோவில், ஆலைகளின் பணத்தில் தேர் அலங்காரமும் இன்னிசை விருந்தும் நடத்துமானால், அடுத்த ஞாயிறு மறையுரையில் கழிமுகத்தைப் பற்றிப் பேச எந்தக் குருவின் நா எழும்? பாட்டை வாங்கியவர் மௌனத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்கிறார். ஆமோஸ் இறைவாக்கினர் விழாப் பாடல்களின் இரைச்சலை அகற்றச் சொன்னது இசையின்மேல் கொண்ட வெறுப்பால் அன்று. நீதி வாய்மூடிய இடத்தில் வீணை பேசியதால்தான்.

மாறாக, 2017ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நினைத்துப் பார்க்கிறோம். கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்பதைப் பாடினார். அதை எழுதியவர் கபேர் வாசுகி. புறம்போக்கு நிலம் எவருக்கும் உரியதன்று என்பதல்ல, எல்லார்க்கும் உரியது என்பதே அதன் பொருள். அதன் ஒவ்வொரு சொல்லோடும் உடன்பட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், 200 ஆண்டுகளுக்கு முன் மணலியில் ஒரு துபாஷியின் ஆதரவில் வளர்ந்த இசை, அந்த மணலிக்கு அருகிலேயே, கூரையில்லாத வெளியில், கழிமுகத்து மக்களின் வழக்கைப் பாடியதே! கூடத்துக் கதவு திறந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

கதவைத் திறக்க நம் கிறிஸ்தவர் ஒருவரும் ஒரு கை கொடுத்தார் என்பதைப் பலர் அறியார். அவர் ஏ. எம். சின்னசாமி முதலியார், சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர். குருவும் சீடரும் மட்டுமே அறிந்திருந்த கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதி 1893இல் அச்சிடத் தொடங்கினார். தம் கைப்பொருளையே அதில் கரைத்தார். எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரைத் தம்மிடமுள்ள செல்வத்தை வெளியிடுமாறு தூண்டியவர்களுள் அவரும் ஒருவர். இந்தச் சுப்பராம தீட்சிதர், மணலியில் வயலின் கற்ற அதே பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன். எட்டயபுரம் அரசர் அச்சுச் செலவை ஏற்க, 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. பாருங்கள், இங்கேயும் ஒரு புரவலர்தான் பணம் கொடுத்தார். ஆனால் அந்தப் பணம் கதவைப் பூட்டவில்லை, திறந்துவிட்டது.

எனவே நம் பங்குகளுக்கு நாம் வேண்டுவது இதுதான். கொடையாளர் வரட்டும், அவர் பணம் பொது உண்டியலில் விழட்டும். திருப்பலிக்குள் எவர் பெயரும் புகழ்ச்சியாக ஒலிக்க வேண்டாம். பீடத்தருகே பொன்னாடை வேண்டாம். முன்வரிசை முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இருக்கட்டும். திருவிழா நாளில் பாடுபவர் அந்த ஊர் மக்களாகவே இருக்கட்டும்; சுருதி விலகினால் விலகட்டும். "அப்படியானால் பாட்டுத் தரம் என்ன ஆவது?" என்று செல்வர் ஒருவர் கவலைப்பட்டால், சின்னையா முதலியாரை அவருக்கு நினைவூட்டுவோம். முதலியார் கோட்டையிலிருந்து ஒரு வாத்தியக் குழுவைக் கூலிக்கு வரவழைத்து ஒரு மாலை கேட்டதோடு நின்றிருந்தால், அந்த மாலையோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஒரு சிறுவனுக்கு ஆசிரியரை அமர்த்தினார். அந்தப் பணம் ஒரு நாட்டின் இசையையே மாற்றிற்று. காசிமேட்டிலும் எண்ணூரிலும் மீனவப் பிள்ளைகளுக்கு ஓர் இசை ஆசிரியரை ஓராண்டு அமர்த்த, ஒரு திருவிழாவின் ஒலிபெருக்கிச் செலவு போதாதா?

எருசலேம் கோவிலில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், செல்வர் பலர் மிகுதியாகப் போடுவதைக் கண்டார். இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணையும் கண்டார். அவளைத்தான் சீடருக்குக் காட்டினார். அவள் பெயர் என்னவென்று நற்செய்தி சொல்லவில்லை. ஃபெராராவின் கோமகன் தம் பெயரைத் திருப்பலிக்குள்ளேயே பாட வைத்தார்; இன்று அவரை அறிந்தவர் இசை வரலாறு படித்த சிலரே. பெயரில்லாத அந்தக் கைம்பெண்ணையோ உலகமெங்கும் ஒவ்வொரு பங்கிலும் வாசிக்கக் கேட்கிறோம்.

நம் பாடகர் குழுப் பாட்டியிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "போவுது சாமி, அடுத்த ஞாயித்துக்கிழமை பாடுவோம்" என்றார். பாடினார்கள். ஆர்மோனியப் பெரியவர் அன்றும் தாளத்தில் சற்று ஓடினார். கோவில் முழுவதும் அவரோடு ஓடியது.